குக்கம் கட்டுரைகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

கோடைப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு, பேச்சுப் போட்டி, விளையாட்டு எல்லாவற்றிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். வாழ்த்துகள்.

அப்புறம், தேம்ஸ் கரையிலுள்ள குக்கம் கிராமத்துக்கு ஆறாம் வகுப்பைக் கூட்டிப்போனோம் அல்லவா? பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தோம். வந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்குகின்றன: 1891இல் இங்கே பிறந்த ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் 'கலையுலகில் தனித்தடம் பதித்தார்'. தகவலில் பிழையில்லை. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை அப்படி எழுதாது.

வேலை, ஷிப்ட், வெள்ளி இரவு அவசரம் எல்லாம் எங்களுக்கும் தெரியும். உதவி செய்வதைக் குறை சொல்லவில்லை. அன்று பிள்ளைகள் பார்த்தது ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லையே என்பதுதான் வருத்தம்.

பழைய மெதடிஸ்ட் தேவாலயமாக இருந்த காட்சிக்கூடத்தில் ஸ்பென்சரின் குழந்தைத் தள்ளுவண்டியைக் கண்டதும் ஒரு சிறுமி, "பாப்பா எங்கே?" என்று கேட்டாள். அதில் அவர் வர்ணமும் சட்டமும் வைத்துத் தெருத்தெருவாகத் தள்ளிப்போனார் என்றதும் வகுப்பே அதைச் சுற்றி நின்றுவிட்டது. 1507க்கு முன்பே விளையாட்டுகள் நடந்த இடத்தின் அடையாளமான டாரி கல்லை ஒருவன் இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தான். ஊரின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பக்கத்தில், 2021இல் ரெடிங் பல்கலைக்கழகத்தார் தோண்டி ஒரு மடத்தின் சுவடுகளைக் கண்டெடுத்தார்கள். இங்கிலாந்தின் பழைய அரசான மெர்சியாவின் மன்னர் ஓஃபா 796இல் இறந்தபின் அவர் மனைவி கினெத்ரித் தலைமை தாங்கிய மடம் அது. "ராணி ஏன் அரண்மனையில இருக்கல?" என்று பஸ் ஏறும்வரை கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் தாளில் எதிர்பார்த்தோம்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பெரியவர்கள் எழுதியதையும் போனில் எடுத்ததையும் இனி வாங்கமாட்டோம். மதிப்பெண்ணும் கிடையாது. இந்தக் கட்டுரைகளைத் திருப்பித் தருகிறோம். செப்டம்பர் முதல் வகுப்பன்று பிள்ளைகள் தாங்களே எழுதி வரட்டும். ஐந்து வரி போதும். ணகர னகரம் மாறினால் பரவாயில்லை, திருத்துவது எங்கள் வேலை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க என்ன பாத்தே?" என்று மட்டும் கேளுங்கள்.

அன்று உடன் வந்து ஆற்றோரம் முழுக்கப் பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்து நடந்த பெற்றோருக்கும், புளியோதரை கட்டிவந்த அம்மாமாருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்