“பம்ப் அடிக்கறீங்களா?” என்று கேட்டால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளைப்பு, சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், நோயாளிகள் மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. மருந்துக்கடையில் நிற்கும் எங்களுக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பலர் இன்ஹேலரை, அதாவது ‘பம்ப்’பை, தினமும் எடுக்கிறார்கள். மருந்துதான் நெஞ்சுக்குள் போவதில்லை.

“பம்ப் அடிக்கறீங்களாங்க?” என்றால், “ரெண்டு வேளையும் அடிக்கறனுங்க” என்பார்கள். “இங்கயே ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க” என்றால்தான் விஷயம் வெளியே வரும். குலுக்க மாட்டார்கள். அடித்து முடித்த பிறகு மூச்சை இழுப்பார்கள். அதற்குள் மருந்து தொண்டையில் படிந்துவிடும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, இழுத்த மூச்சை 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த பஃப், அதாவது அடுத்த அழுத்து, அரை நிமிடமாவது கழித்து.

கேப்சூல் போட்டு இழுக்கும் கருவி இதற்கு நேர்மாறு. வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி கிளம்பும். கருவிக்குள் வாயால் ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம், சீட்டில் 1-0-1 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யாராக இருந்தாலும் விழுங்கத்தான் செய்வார்கள்.

பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரைத் துணியால் துடைக்கக் கூடாது. தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட வேண்டும். 120 பஃப் உள்ள டப்பா, காலை இரண்டு இரவு இரண்டு என்றால் 30 நாளுக்குத்தான். அதற்கு மேலும் “புஸ்” என்று வரும், மருந்து இருக்குமென்று நம்ப முடியாது. எண் காட்டாத டப்பாவில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வைக்கலாம். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது வேலைக்காகாது.

“பம்ப் பிடிச்சா பழகிப் போகும், மாத்திரையே குடுங்க” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. கை நடுக்கமும் படபடப்பும் மாத்திரையில்தான் அதிகம். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் மட்டும் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று. கோவை, பல்லடம், திருப்பூர்ப் பக்கம் மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரிடம் பீடி, சிகரெட் உண்டா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நூல் மில்லில் எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும், அதைச் சீவி இழையாக்கும் கார்டிங்கிலும்தான் தூசி மிக அதிகம். விடுமுறை கழிந்து வேலைக்கு ஏறும் முதல் நாள் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாள்களில் தளர்வது பஞ்சுத்தூசி நோயின் தொடக்க அடையாளம். பாடப்புத்தகத்தில் படித்தபடி “திங்கட்கிழமை இறுக்குதா?” என்று கேட்டால் “இல்லீங்க” என்பார், அவருக்கு வார லீவு புதன்கிழமையாக இருக்கும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இது இருந்தது. சீட்டில் ஆஸ்துமா என்று எழுதி அனுப்பினால், மறுநாள் ஷிப்டுக்கு அவர் அதே கார்டிங்குக்குத்தான் போவார்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் இருவர்,
பெருந்துறை