நேரம் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நடைமுறைத் தாதியருக்கான ரெக்ஸ்-பிஎன் தகுதித் தேர்வில் தேறி, கனடாவின் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற நடைமுறைத் தாதியாகப் பணியாற்றும் தகுதியை அண்மையில் பெற்றேன். ஸ்காபரோவின் முதியோர் இல்லங்களில் பிஎஸ்டபிள்யூவாக, அதாவது அன்றாடத் தேவைகளுக்கு உதவும் பராமரிப்புப் பணியாளராக, வேலை செய்துகொண்டே இந்தப் படிப்பை முடிப்பதற்கும், படிப்பின் நடுவில் வேலைத்தலத்தை மாற்றிய பின்னும் வீட்டு வாடகை தவறாமல் இருப்பதற்கும் காரணமாக நின்றவர்களுக்கே இம்மடல். வாழ்த்தியவர்கள் பலர், அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். தங்கள் தூக்கத்தையும் விடுமுறை நாளையும் எனக்காக விட்டுக்கொடுத்த சிலருக்கு நேரில் சொன்னது போதாதென்று படுகிறது.

படிப்பு கடினமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உடற்கூற்றியலையும் மருந்தியலையும் இரவிரவாக விழித்திருந்து படித்துவிடலாம். ஆளை வீழ்த்துவது கால அட்டவணைதான். வேலைத்தலத்தின் சுழற்சிமுறை பல வாரங்களுக்கு முன்பே ஒட்டப்பட்டுவிடும். கல்லூரியின் செயல்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமைகளில் என்பதோ தவணை தொடங்கும் தறுவாயில்தான் தெரியவரும். காலை ஏழு மணிக்குப் பயிற்சித் தளத்தில் சீருடையோடு நிற்க வேண்டியவள், முதல்நாள் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் வேலையை எப்படி ஏற்பது? 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்டி ரயில் தடம்புரண்டு, அந்தப் பாதையே நிரந்தரமாக மூடப்பட்ட பின்னர், கென்னடி நிலையத்திலிருந்து பேருந்தில் வருவதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

பழைய இல்லத்தின் நிர்வாகம் சுழற்சியை மாற்ற இணங்கவில்லை. ஆகவே வீட்டுக்கு அருகிலிருந்த இன்னோர் இல்லத்தில் வார இறுதிப் பகுதிநேர வேலைக்கு மாறினேன். பணிமூப்பு அங்கே பூச்சியத்திலிருந்து தொடங்கும், பல் வைத்தியத்துக்கான காப்புறுதியும் போய்விடும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அந்த வாரங்களில் எனக்குத் துணைநின்றவர் பழைய இல்லத்தின் மேற்பார்வையாளரே. நிர்வாகத்தின் முடிவு தம் கையில் இல்லை என்றவர், கேட்ட அன்றே பரிந்துரைக் கடிதத்தைத் தந்ததுடன், காவல்துறைச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றில் எவற்றைப் புதிய இடத்தில் மீண்டும் கேட்பார்கள் என்று எழுதியும் தந்தார். அந்தத் தாள் இல்லாதிருந்தால் ஒரு மாதச் சம்பளத்தை இழந்திருப்பேன்.

இரவுப்பணியிலிருந்த ஜமெய்க்கா நாட்டுத் தாதி அக்காவை என்றும் மறவேன். மருந்தளவுக் கணக்கைக் கண்டாலே கை நடுங்கிய என்னை ஓய்வு அறையில் இருத்தி, பழைய பட்டியல் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்: வைத்தியர் எழுதியது 250 மில்லிகிராம்; போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 125 மில்லிகிராம்; அப்படியானால் கரண்டியில் எவ்வளவு? பத்து மில்லிலீற்றர் என்றதும், "விடை சரி, ஆனால் அளவு நியாயமாகப் படுகிறதா என்று முதலில் யோசித்தாயா?" என்று கேட்டார். வகுப்பில் சூத்திரத்தைத் தந்தார்கள். அந்தக் கேள்வியை இவர்தான் தந்தார். அவருடைய முப்பது நிமிட ஓய்வு முழுவதும் இப்படியே போய்விடும், கொண்டுவந்த சோறு ஆறிப்போய்க் கிடக்கும். இரத்த அழுத்தம் பார்த்துப் பழகுவதற்குத் தன் கையை நீட்டிக்கொண்டே இருந்த பிலிப்பீன்ஸ் தோழிக்கும், பரீட்சை வாரங்களில் என் ஷிப்டை வாங்கிக்கொண்டு தன் மகளின் பிறந்தநாளன்று வேலை செய்த தம்பிக்கும் கடன்பட்டுள்ளேன்.

கீழ்மாடியில் வசிக்கும் மாமி என் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, மாலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்து, வீட்டுப்பாடத்தையும் கவனித்துக்கொண்டார். காசு கொடுத்தால் கோபிப்பார் என்பதால் பாமசியில் அவருக்கான மருந்துகளை வாங்கிவருவதோடு நிறுத்திக்கொண்டேன். என் கணவருக்கு இங்கே நன்றி எழுதினால் சிரிப்பார். எழுதாவிட்டால் மாமி கோபிப்பார்.

ரெக்ஸ்-பிஎன் தேர்வில் 90 வினாக்கள் முதல் 150 வினாக்கள் வரை வரலாம். கணினி எப்போது நிறுத்தும் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. அன்று வாடகைக் கார் ஓட்டும் அண்ணர் தன் உழைப்பை விட்டுவிட்டு, நான் வெளியே வரும்வரை தரிப்பிடத்திலேயே காத்திருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டதற்கு அவருக்குத் தனி நன்றி.

என் மருந்தியல் நூலும் குறிப்புக் கொப்பிகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. வரும் செப்டெம்பரில் இப்படிப்பைத் தொடங்கும் பிஎஸ்டபிள்யூ எவரும் அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். என் புதிய வேலையில் சனிக்கிழமைகள் ஓய்வுநாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுவோர் மாமியிடம் சொல்லிவைத்தால் எனக்குச் செய்தி வந்துவிடும்.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாதி