ரத்தக்காட்டேரிக் கதைகளைத் தனியாகப் பிரித்தது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நூலகத்துக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த திகில் அலமாரியிலிருந்து ரத்தக்காட்டேரிக் கதைகளை மட்டும் எடுத்து, வாசல் பக்கம் இரண்டு தட்டுகளில் வைத்திருக்கிறோம். மேல் தட்டில் 'பயமுறுத்துபவர்கள்', கீழ்த் தட்டில் 'காதலிப்பவர்கள்'. எதற்கு இந்த வேலை என்று பலர் கேட்டதால் இந்த மடல்.

காரணம் உங்கள் புகார்கள்தான். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது நீங்கள் சொல்வதை ஒரு நோட்டில் குறித்து வைப்போம். மற்ற கதைகளுக்கு "நல்லா இருக்கு", "ஒரே இழுவை" என்பதோடு முடிந்துவிடும். இந்தக் கதைகளுக்கு மட்டும் ஆளாளுக்குச் சட்டம் பேசுகிறீர்கள். "ரத்தக்காட்டேரி பகல்ல நடமாடுதே, அது எப்படி?", "பூண்டுக்குப் பயப்படவே இல்லையே?" என்று கேள்வி மேல் கேள்வி. தப்பாக எழுதிய புத்தகத்துக்கு வாடகை தரமாட்டேன் என்று நின்றவரும் உண்டு.

பகல் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இல் வந்தது. அதில் ரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு லண்டன் தெருவில் பட்டப்பகலில் நிற்கிறார். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். வெளிச்சம் பட்டதும் மறைந்து அழிவது 1922-இல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தில் வந்த முடிவு. அனுமதி வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார். பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. சில பிரதிகள் எப்படியோ தப்பின. அந்தப் படத்தின் முடிவைத்தான் இன்று நீங்கள் ஆதிச் சட்டம்போல என்னிடம் எடுத்துச் சொல்கிறீர்கள்! நெஞ்சில் ஆப்பு அடிக்கும் புகழ்பெற்ற காட்சியும் அப்படித்தான். நாவலில் அந்த ஆப்பு, டிராகுலா கடித்து ரத்தக்காட்டேரியாகிவிட்ட பாவம் லூசி என்ற பெண்ணுக்கு. டிராகுலாவின் கதை கத்தியில் முடிகிறது. (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். நூறு வருடத்துக்கு மேல் ஆன புத்தகம்.)

நோட்டைப் பொறுமையாகப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. நீங்கள் ரசித்துச் சொன்ன இடங்களில் பெரும்பாலும் அந்தப் பிறவி ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. டிராகுலாவுக்கு அவ்வளவு சக்தி இருந்தும் சொந்த ஊர் மண் இல்லாமல் படுக்க முடியாது. அதனால் 50 பெட்டி மண்ணைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு போகிறார். அப்புறம் அவரைத் துரத்துபவர்கள், எந்தப் பெட்டி எந்த வீட்டில் இறங்கியது என்று கடிதங்களைப் புரட்டி, வண்டிக்காரர்களைப் பிடித்து விசாரித்துக்கொண்டு அலைகிறார்கள். பார்சல் சர்வீஸ் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார். அதே புத்தகத்தை, "கோட்டையை விட்டுக் கதை கிளம்பினதும் அந்த ஆளையே காணோம், எல்லாரும் டைரி எழுதிக்கிட்டே இருக்காங்க" என்று பாதியில் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். புகார் உண்மைதான். முதல் நான்கு அத்தியாயத்துக்குப் பிறகு அவர் தலைகாட்டுவது அபூர்வம். எனக்கு அதனால்தான் பயமாக இருந்தது.

கட்டுப்பாடு என்றால் 2004-இல் ஸ்வீடனில் யோன் ஐவிதே லிண்ட்க்விஸ்ட் எழுதிய நாவலைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர் 'உள்ளே வா' என்று சொல்லாமல் அந்தப் பிறவி நுழையக் கூடாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பையன் விளையாட்டாகச் சீண்டுகிறான். அவனோடு சிநேகமான அந்தப் பிறவி ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து நிற்கிறது. உடம்பிலிருந்து ரத்தம் வடியத் தொடங்குகிறது. மகனுக்கென்று எடுத்துப் போய்த் தானே படித்த ஓர் அம்மா, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இதை எந்தத் தட்டில் வைப்பது என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. இப்போதைக்கு மேல் தட்டு.

கீழ்த் தட்டு பற்றிப் பேசினால் சண்டை வரும், சரி, வரட்டும். 2005-இல் தொடங்கிய 'ட்வைலைட்' நாவல் வரிசையில் வெயில் பட்டால் ரத்தக்காட்டேரிகள் மின்னுகிறார்கள். "இது நகைக்கடை விளம்பரமா?" என்பது நோட்டில் உள்ள ஒரு வரி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அதை விரும்பிப் படிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி என்னை மடக்கினாள்: "அந்த ரத்தக்காட்டேரிக்கு, தான் காதலிக்கிறவ ரத்தத்து மேலதான் எல்லாத்தையும் விட ஆசை. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு அடக்கிக்கிறான். உங்க அம்பது பெட்டியை விட இது பெரிய கட்டுப்பாடு சார்." பதில் சொல்ல முடியவில்லை.

உண்மையில் எல்லோரையும் கோபப்படுத்துவது வேறு. பத்தாம் பக்கத்தில் ஒரு விதியைச் சொல்லிவிட்டு, நாயகன் மாட்டிக்கொண்டதும் இருநூறாம் பக்கத்தில் அதை மறந்துவிடும் கதைகள். அப்படிப்பட்ட நான்கைந்தை எடைக்குப் போட்டுவிட்டோம்.

இன்னொரு திருத்தம். நம் வேதாளக் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது தலைப்பில் வேதாளத்தை வாம்பயர், அதாவது ரத்தக்காட்டேரி, ஆக்கிவிட்டார். அதை நம்பி எடுத்துப் போனவர், "ரத்தமே குடிக்கலை, தோள்ல தொங்கிக்கிட்டுக் கேள்விதான் கேக்குது" என்று திருப்பித் தந்தார். அது இனிப் பழங்கதைத் தட்டில் இருக்கும்.

இந்த மாதம் முதல் இரண்டு தட்டுப் புத்தகங்களையும், பிடிக்கவில்லை என்றால் மூன்று நாளைக்குள் வாடகை இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். 'பகலில் நடமாடியது' என்ற காரணம் மட்டும் செல்லாது.

கடைசியாக, ட்வைலைட் மூன்றாம் புத்தகத்தை எடுத்துப் போய் எட்டு மாதம் ஆகிறது. யாரென்று எங்களுக்குத் தெரியும். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேர் காத்திருக்கிறார்கள். கடை மூடியிருந்தால் ஷட்டருக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனாலும் போதும், ஒன்றும் கேட்கமாட்டோம்.

அன்புடன்,
உங்கள் வாடகை நூலகம்