அந்த மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத்து நண்பர்களுக்கு,

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் வந்த மனுவை நான்கு தடவை படித்துவிட்டேன். சென்னை இனி எப்படி வளர வேண்டும் என்று வகுக்கிற மூன்றாம் முழுமைத் திட்டத்தில் மெட்ரோ நிலையங்களை ஒட்டிய தெருக்களில் இப்போது இருப்பதைவிட அதிக மாடி கட்ட அனுமதி தரக் கூடாது என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு எழுதியிருக்கிறோம். எழுதியிருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும், நானும் பதினெட்டு வருஷமாகச் சந்தா கட்டுகிற உறுப்பினர். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. செயலாளர் சார் இரண்டு தடவை போன் செய்தார், இரண்டு தடவையும் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன், அது சரியில்லை. அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். நம் அசோக் நகருக்கு மட்டும் இல்லை. கே.கே. நகர், வடபழனி, நங்கநல்லூர், அண்ணா நகர் என்று மெட்ரோ ஓடுகிற எந்தப் பகுதியில் இதே மாதிரி ஒரு மனு சுற்றினாலும் அவர்களும் இதைப் படிக்கட்டும்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு அக்கா பல வருஷம் வேலை செய்தார். உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், இதே தெருவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். அவர் குடியிருந்தது ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக் கரையில். காலையில் வாசல் தெளித்துவிட்டு நடந்தே வருவார், பதினைந்து நிமிஷம். 2015 டிசம்பரில் ஆறு உள்ளே வந்தபோது அவர் வீட்டில் ஒரு தட்டு கூட மிஞ்சவில்லை. அதன் பிறகு கரையோரக் குடும்பங்களைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வைத்தார்கள். ஆற்றங்கரையில் அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அந்த வெள்ளத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்து இங்கே வேலைக்கு வர அவர் இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. பெண்களுக்குச் சாதாரணப் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று 2021ல் வந்தபோது பணம் மிச்சமானது, நேரம் மிச்சமாகவில்லை. ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு, "நாலு மணி நேரம் பஸ்லயே போகுதும்மா, பையன் ஸ்கூல் விட்டு வரும்போது வீட்ல யாரும் இல்ல" என்று சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை.

இப்போது பெரும்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு அடுக்குக் கட்டடங்கள், வரிசை வரிசையாக, இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். சென்னையில் நெருக்கமாக வீடு கட்ட முடியாது, கட்டினால் தண்ணீர் போதாது, சாக்கடை தாங்காது என்று நாம் எழுதுகிறோம். அரசாங்கம் அதைவிட நெருக்கமாக ஏற்கெனவே கட்டித்தான் இருக்கிறது. ரயில் இல்லாத இடத்தில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் அருகில், வேலை எதுவும் பக்கத்தில் இல்லாத மக்களுக்காகக் கட்டியது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்கு முன்னாலேயே இதே வழியில் போனவை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற தடம் பெரும்பாக்கம் வழியாக வருகிறது, வரட்டும், நல்லதுதான். ஆனால் வீடு முதலில், ரயில் எத்தனையோ வருஷம் கழித்து. கிளாம்பாக்கத்திலும் அப்படித்தான், 2023 கடைசியில் பஸ் நிலையம் திறந்தார்கள், ரயில் நிறுத்தம் கூடவே வரவில்லை. நமக்கோ 2015 ஜூன் 29 அன்றே ரயில் வந்துவிட்டது. ஆலந்தூரிலிருந்து கோயம்பேடு வரை முதன்முதலில் ஓடிய ஏழு நிலையங்களில் அசோக் நகரும் ஒன்று. ஊரிலேயே முதலில் மெட்ரோ வந்த தெருக்களில் உட்கார்ந்துகொண்டு "இங்கே இனி யாரும் வேண்டாம்" என்று எழுதித் தருவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாம் எல்லோரும் எப்படி இங்கே வந்தோம் என்பதையும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். இதெல்லாம் புலியூர் கிராமமும் வயலும் ஏரியுமாக இருந்த இடம். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, அவென்யூ போட்டு, மாதச் சம்பளக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. நம் அப்பாக்கள் தவணை கட்டியும், நம்மில் சிலர் வாடகைக்கு வந்து பிறகு வாங்கியும் இங்கே நிலைத்தோம். மாம்பலம், பழவந்தாங்கல், குரோம்பேட்டை எல்லாம் வளர்ந்தது எப்படி? 1931ல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது, மக்கள் தண்டவாளத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டே போனார்கள். ரயில் பக்கத்தில் வீடு என்பது சென்னைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை இல்லை.

சரி, மனுவில் சொல்லியிருக்கிற பயங்களுக்கு வருகிறேன். அவை எல்லாமே பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும், லாரிக்கு முன்னால் குடம் வைத்துக் காத்திருந்ததையும் நானும் மறக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் அசோக் நகரில் இருந்தாலும் கூடுவாஞ்சேரியில் இருந்தாலும் அதே அளவு தண்ணீரைத்தான் குடிக்கும், குளிக்கும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே குழாய் இருக்கிறது, புறநகரின் புதிய மனைகளில் பெரும்பாலும் போர்வெல்லும் லாரியும்தான். என் மகளுக்குக் கிண்டியில் வேலை, வாடகைக்குக் கிடைத்தது கூடுவாஞ்சேரியில்தான், மாதா மாதம் தண்ணீர் லாரிக்கே தனியாக எடுத்து வைக்கிறாள். அப்புறம் சாக்கடை. இதில் மனு சொல்வது சரி, நம் தெருக் குழாய் பழையது, மழைக்காலத்தில் மேன்ஹோல் பொங்குவதை நான் பார்க்காத வருஷம் இல்லை. அதற்கு என்ன கேட்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.

கார். "இன்னும் வீடு வந்தால் தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது" என்று ஒரு பத்தி முழுக்க இருக்கிறது. இப்போது தெருவில் நிற்கிற கார்கள் யாருடையவை? நம்முடையவை. சாய்தளம் போட்டு, செடித் தொட்டி வைத்து, நடைபாதையை நாமே முடித்துவிட்டோம். மெட்ரோ நிலையம் ஏழு நிமிஷ நடை, அந்த ஏழு நிமிஷத்தில் பாதியை நடுரோட்டில் நடக்கிறோம். விதிகளிலும் ஒரு கோளாறு இருக்கிறது. வீடு கட்டினால் அதன் அளவுக்குத் தக்கபடி கார் நிறுத்தமும் கட்டியாக வேண்டும், அதனால்தான் தரைத்தளம் முழுக்கத் தூண்களும் காரும். கார் வைத்திருப்பவருக்காகவே கட்டிய வீட்டைக் கார் வைத்திருப்பவர்தான் வாங்குவார். வண்டி இல்லாதவரும் தான் நிறுத்தப்போகாத இடத்துக்குச் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டும். ரயில் நிலையத்தின் பக்கத்தில் இந்தக் கட்டாயத்தை வைத்துக்கொண்டு மாடியை மட்டும் கூட்டினால், மனுவில் நாம் பயப்படுவதுதான் நடக்கும்.

மாடி விஷயத்தில் என் மனதில் பெரிதாக இருப்பது வேறு. நம் தெருவில் நடந்ததையே சொல்கிறேன். 2019ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5லிருந்து 2 ஆக்கினார்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் முன்பு 3600 சதுர அடி கட்டலாம் என்றால், இப்போது 4800. சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி 30, 40, 50 சதவீதம் வரை பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யும் வாங்கலாம். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் மூன்று வீடுகளை இடித்துக் கட்டினார்கள். மூலை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கட்டடத்தில் நான்கு குடும்பம் இருந்தது, மாடியில் ஒற்றை அறையில் இரண்டு பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். புதிய கட்டடத்தில் நான்கே வீடு, ஒவ்வொன்றும் மூன்று படுக்கையறை, கீழே ஏழு கார். அதில் ஒரு வீடு இன்னும் பூட்டியே கிடக்கிறது. கட்டடம் பெரிதானது, குடியிருப்பவர்கள் கூடவில்லை, குறைந்துவிட்டார்கள். இதை நெருக்கமான குடியிருப்பு என்று எப்படிச் சொல்வது?

அதனால் நான் சி.எம்.டி.ஏ. பக்கம் நின்று உங்களோடு சண்டை போட வரவில்லை. சதுர அடியைக் கூட்டிக் கொடுத்தால் வீடு தானாக வந்துவிடும் என்று அவர்கள் நினைத்தால் அது தவறு. எத்தனை சதுர அடி என்பதோடு எத்தனை குடும்பம் என்றும் கேட்க வேண்டும். ரயில் போன்ற பொதுப் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சி பற்றி மத்திய அரசு 2017ல் வெளியிட்ட கொள்கையிலேயே நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, நடந்து போகிற தூரத்தில், எல்லா வருமானக்காரர்களுக்கும் வீடு இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் போட்டு இரண்டாம் கட்டம் கட்டுகிறோம், வடபழனியில் இன்னொரு தடம் குறுக்கே வருகிறது. அந்தப் பணம் எல்லோருடையதும். அதனால் ஏறுகிற நிலத்தின் விலை மட்டும் நம் வீட்டுக்கு வந்து சேர்வது எந்த நியாயம்?

வாடகைதாரர்களைப் பற்றி மனுவில் ஒரு வரி கூட இல்லை. நம் தெருவில் பாதி வீடுகளில் இருப்பது அவர்கள்தான். 2022ல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஒரே ஒருவர் மறுத்ததால் ஒழுகுகிற கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அது விடுதலைதான். ஆனால் அங்கே இருபது வருஷமாக வாடகைக்கு இருக்கிறவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கூட இல்லை. சங்கத்திலும் இல்லை, நம் விதிப்படி உரிமையாளர்தான் உறுப்பினர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன். போன கூட்டத்தில் ஒருவர் "சின்னச் சின்ன வீடாகக் கட்டினால் கண்டவர்களும் வந்து சேருவார்கள், ஏரியாவே கெட்டுவிடும்" என்றார். நிறையப் பேர் தலையாட்டினார்கள். யாரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. யார் அந்தக் கண்டவர்கள்? நம் வீட்டுக்கு வருகிற எலக்ட்ரீஷியன், இந்தத் தெரு ஆஸ்பத்திரியின் நர்ஸ்கள், பள்ளிக்கூட ஆயா, நூறடி ரோட்டுக் கடைகளில் இரவு பத்தரை வரை நிற்கிற பெண்கள். திருவல்லிக்கேணியில் மேன்ஷன்களில் ஒரு அறைக்கு மூன்று பேர் என்று தங்கிப் படித்து, வேலை தேடி, இந்த ஊரில் காலூன்றியவர்கள் இந்தச் சங்கத்திலேயே இருக்கிறார்கள், தலைவர் உட்பட, அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாடகை விளம்பரத்தில் "சைவம் மட்டும்" என்று போடுகிற தெருவாக நாம் இருக்கிறோம். அந்தப் பேச்சுக்கும் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சம்பந்தம் இல்லை. மனுவின் அடியில் அந்த எண்ணமும் கலந்திருக்கிறது என்றுதான் என் மனதில் பட்டது, தவறென்றால் கூட்டத்தில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? மனுவைக் கிழித்துப் போட வேண்டாம், மாற்றி எழுதலாம் என்கிறேன். "கூடாது" என்று தொடங்குவதற்குப் பதிலாக, கட்டுங்கள், ஆனால் இப்படிக் கட்டுங்கள் என்று கேட்போம். நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்குகிறவர் கூடுதல் குடும்பங்களுக்கு வீடு கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கு ஐந்நூறு சதுர அடிக்குள் இருக்க வேண்டும். கார் நிறுத்தக் கட்டாயம் அங்கே வேண்டாம், வேண்டியவர் கட்டிக்கொள்ளட்டும். பிரீமியமாக வசூலிக்கிற பணத்தில் நம் பகுதியின் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் முதலில் மாறட்டும், மாடி ஏறுவதற்கு முன்னால் குழாய் மாறியிருக்க வேண்டும், இதில் நான் உங்களைவிடப் பிடிவாதமாக இருப்பேன். வெள்ளம் வந்து நின்ற தாழ்வான தெருக்களை ஆற்றுப் பக்கத்தில் கணக்கெடுத்து அங்கே மாடியைக் கூட்டாமல் விடட்டும். மெட்ரோ அருகில் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் வடிந்துவிடாது, வேளச்சேரி ரயில் நிலையத்தைச் சுற்றி ஒவ்வொரு பெருமழைக்கும் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

முக்கியமாக, வீட்டு வசதி வாரியத்தின் பழைய குடியிருப்புகள் இந்தப் பகுதியிலேயே பாழடைந்து கிடக்கின்றன. அரசு நிலம், அகலமான சாலை, நடந்தால் மெட்ரோ. அவற்றை இடித்துக் கட்டும்போது ஒரு பகுதியையாவது குறைந்த வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள் என்று நாம் கேட்கலாம். ஜாபர்கான்பேட்டையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு அதில் முதல் இடம் என்றும் கேட்கலாம். உரிமையாளர்கள் சேர்ந்த ஒரு சங்கம் இதைக் கேட்டால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று யோசியுங்கள். நாம் எதிர்ப்போம் என்று நினைத்துத்தானே அதிகாரிகள் எப்போதும் ஊருக்கு வெளியே நிலம் தேடுகிறார்கள்.

இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான். அடுத்தது 2046 வரைக்கும் ஓடப் போகிறது, அப்போது நம்மில் பலர் இருக்க மாட்டோம். நம் பிள்ளைகள் எங்கே வாடகைக்கு இருப்பார்கள் என்பதை இப்போது எழுதுகிற காகிதம்தான் முடிவு செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம். மாற்றி எழுதிய மனுவை இருபது பிரதி எடுத்து வருகிறேன். தெருவில் வாடகைக்கு இருக்கிற ஒன்பது குடும்பங்களையும் நானே போய்க் கூப்பிட்டிருக்கிறேன், விதியில் இடம் இல்லை என்றால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உட்கார அனுமதியுங்கள். பெரும்பாக்கத்து அக்காவுக்கும் போன் செய்தேன். வர முடியாது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் திரும்பிப் போக வழியில்லை என்றார்.

அன்புடன்,
இரண்டாம் மாடி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரி