மைக்கோடு வரப்பில் நடந்தவர்களுக்காக

பிரசார் பாரதியிலும் ஆகாசவாணியிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் பெரியப்பா பண்ணை வானொலி நிருபராக வேலை பார்த்தவர். போன தை மாதம் காலமானார். அவர் ஒருவருக்காக மட்டும் இதை எழுதவில்லை. டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வரப்பில் நடந்த ஒரு தலைமுறையே நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. அவர்களில் இன்னும் இருப்பவர்களுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். அவர்களைத் தேடிப் போய், அவர்கள் பேச்சை இப்போதே பதிவு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பெரியப்பா முதலில் கிராமசேவக், ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் அரசு ஊழியர். 1960-61இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்குத் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. ஊரில் அதைப் ‘பேக்கேஜ் திட்டம்’ என்பார்கள். விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒரே கட்டாக விவசாயியிடம் கொண்டு சேர்ப்பது அதன் யோசனை. கொண்டு சேர்க்கும் ஆள் இவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். யூரியாவைக் காட்டினால், ‘இந்த உப்பைப் போட்டா மண்ணு என்னத்துக்கு ஆகும்?’ என்று கேட்பார்கள். பதில் சொல்லிப் புரியவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பொழுது போயிருக்கும். ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்த்தாலே பெரிய காரியம் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஆடுதுறை 27 வந்தது. 1922இலிருந்து இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பானிய வகை நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 நெல் ரகத்தையும் ஒட்டு சேர்த்து உருவாக்கிய ரகம். ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். குறுவைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. குறுவையைச் சீக்கிரம் அறுத்தால் தாளடி நடலாம், ஒரே நிலத்தில் இரண்டு போகம். ஆனால் நாற்று எத்தனை நாளில் பறிப்பது, எவ்வளவு நெருக்கி நடுவது, உரத்தை எப்போது பிரித்துப் போடுவது எல்லாமே பழைய பழக்கத்திலிருந்து மாறியாக வேண்டும். கிராமசேவக் சைக்கிளில் சுற்றி அத்தனை பேருக்கும் எப்போது சொல்லி முடிப்பது?

வானொலி சொன்னது. 1966இல் ஆகாசவாணி சில நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கியது. திருச்சி அவற்றில் ஒன்று. சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ பாடும் நேரத்தில் டீக்கடை வாசலிலும் கோயில் திண்ணையிலும் உட்கார்ந்து ஆட்கள் கேட்டார்கள். அதிகாரி பேசியதோடு நிற்கவில்லை. அந்த நெல்லைப் போட்டுப் பார்த்த பக்கத்து ஊர்க்காரரே பேசினார். அப்புறம்தான் பெரியப்பா வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த அந்தக் காட்சி. விவசாயிகள் அவரைத் தேடி விதை டிப்போவுக்கு வந்து நின்று, ‘ஐயா, அந்த ரேடியோ நெல்லு வந்துட்டா?’ என்று கேட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் ஏ.டி.டி. 27, அதாவது ஆடுதுறை 27. ஊர் வைத்த பெயர் ரேடியோ நெல்லு. வேளாண் ஒலிபரப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் இந்தப் பெயரைக் குறிப்பிடுகிறார்கள்.

‘ஆறு வருஷம் சைக்கிள் மிதிச்சு முடியாதத அந்தப் பொட்டி ஒரு பட்டத்துல முடிச்சுட்டு’ என்பார். சில வருடம் கழித்து அவரும் வானொலிக்கே வந்துவிட்டார்.

அவர் வேலை செய்ததை நான் ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் ஊர்க் களத்து மேட்டில், நல்ல அனுபவசாலியான ஒரு விவசாயியைப் பேட்டி எடுக்க வந்திருந்தார். மைக்கைப் பார்த்ததும் அந்த மனிதர் மேடைப் பேச்சாளராகிவிட்டார். ‘பெருமதிப்பிற்குரிய வானொலி நேயர்களே’ என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினார். பெரியப்பா ரெக்கார்டரை நிறுத்தினார். பக்கத்து நாற்றங்காலில் இறங்கி ஒரு பிடி நாற்றைப் பறித்து வந்து அவர் கையில் கொடுத்தார். ‘அண்ணே, இத வச்சுக்கிட்டு எனக்கு மட்டும் சொல்லுங்க. இந்த நாத்து நடலாமா, இன்னும் ரெண்டு நாள் போவட்டுமா?’ அவ்வளவுதான். நாற்றின் வேரைப் பிரித்துக் காட்டிக்கொண்டே கால் மணி நேரம் பேசினார் அந்த மனிதர். காற்று இரையாமல் இருக்க மைக்கின் மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வாய்க்கு நேரே நீட்டாமல் நெஞ்சுக்குக் கீழே பிடித்திருந்தார் பெரியப்பா. வாய்க்கு நேரே நீட்டினால் மனுஷன் பயந்துவிடுவான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? நிலையத்துக்குத் திரும்பி ஸ்பூலை, அதாவது டேப் சுருளை, ஓட்டிக் கேட்டு, பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டி, பன்னிரண்டு நிமிடப் பேச்சை நாலு நிமிடமாக்குவார்கள். இருமலை வெட்டலாம், மாட்டு மணியை வெட்டக் கூடாது என்பார். மணி கேட்டால்தான் இது வயலிலிருந்து வருகிற பேச்சு என்று கேட்கிறவர் நம்புவார். நேயர்கள் கார்டு போடுவார்கள். சிலர் நோய் கண்ட இலையையே இன்லண்டு லெட்டருக்குள் மடித்து அனுப்பிவிடுவார்களாம். தபாலில் வந்த காய்ந்த இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆடுதுறைக்குப் பஸ் ஏறி, ஆராய்ச்சியாளரிடம் காட்டிக் கேட்டு, அந்த வாரமே பதில் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையத்தில் 1923இல் பண்ணை நிகழ்ச்சி நடத்தத் தொடங்கிய ஃபிராங்க் முல்லனை அங்கே வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். பண்ணைப் பத்திரிகையிலிருந்து வானொலிக்கு வந்தவர். 1928இல் என்.பி.சி. என்ற வானொலி நிறுவனம் நாடு முழுவதற்கும் தொடங்கிய பண்ணை நிகழ்ச்சி அவர் கையில் வளர்ந்தது. பின்னாளில் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவராகவே ஆனார். நம் நாட்டிலும் இதற்குக் குறையாத கதை உண்டு. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு புனே பகுதியில் ஏறக்குறைய 150 கிராமங்களில் நடந்த வானொலி கிராம மன்றச் சோதனையைப் பற்றி அறிக்கை இருக்கிறது. கிராமத்தார் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, முடிவெடுத்த சோதனை அது. சோதனைக்கு அறிக்கை இருக்கிறது, ரகத்துக்குப் பெயர் இருக்கிறது. களத்தில் மைக்கைப் பிடித்தவர்களின் பெயரை மட்டும் எங்கே போய்த் தேடுவது?

டேப் அந்த நாளில் விலை கூடிய பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். வெளிநாட்டு வானொலிகளிலும் இதுதான் வழக்கம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சங்கீத வித்வான்களின் பதிவுகளைக் காப்பாற்றி ‘ஆகாசவாணி சங்கீத்’ என்று வெளியிட்டீர்கள். அதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். அந்தப் பெரும்பணியைச் செய்த உங்களிடம்தானே இதையும் கேட்க முடியும்?

பழம்பெருமைக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பேச்சுகளில் இருந்தது என்ன? எந்த வயலில் எந்த மாதம் தண்ணீர் எவ்வளவு நின்றது, எந்தப் பூச்சியை எந்த ஊரில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், புது நெல்லின் சோறு ருசியாக இல்லை என்று யார் யார் மறுத்தார்கள், ஐப்பசி மழையில் குறுவைக் கதிர் நனைந்தபோது என்ன செய்தார்கள். பசுமைப் புரட்சி சரியா தப்பா என்று இன்றைக்கு நடக்கிற சண்டையில் இரண்டு பக்கமும் புள்ளிவிவரத்தைத்தான் காட்டுகின்றன. அதைச் செய்து பார்த்தவர்கள் அந்த வருடமே என்ன சொன்னார்கள் என்பது அந்த டேப்புகளில்தான் இருந்தது.

தப்பும் அதில் இருந்தது. எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கச் சொல்லி அன்றைய பரிந்துரை வந்தது. பெரியப்பா தன் குரலிலேயே எத்தனையோ முறை அளவைச் சொல்லியிருக்கிறார். அது எத்தனை வீட்டில் எமனாக வந்தது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1990இல் அதைத் தடை செய்தார்கள். கடைசி நாட்களில் அவர் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான். ‘ரேடியோ நெல்லுன்னு சொல்லி என்னயக் கொண்டாடுறீங்களே, ரேடியோ மருந்து யாரு கணக்குல?’ என்று ஒரு நாள் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் சொல்வார். நாற்று பறித்ததும் நட்டதும் களை எடுத்ததும் பெண்கள், மைக்குக்கு முன்னால் வந்து நின்றது ஆண்கள். தானும் அதை மாற்றவில்லை என்று வருத்தப்படுவார். இப்படித் தன் வேலையைத் தானே எடைபோட்டுப் பேசக்கூடியவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்கள் சொல்வதையும் வெட்டாமல் பதிவு செய்யுங்கள்.

பெரிய செலவு ஆகாது. ஓய்வு பெற்ற பண்ணை நிருபர்கள், பண்ணை அலுவலர்கள் யார் யார் என்று ஓய்வூதியப் பட்டியலிலேயே தெரியும். நிலையத்தில் இருக்கும் இளைய நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர், ஒலிப்பதிவு தெரிந்த ஒருவர், ஆளுக்கு இரண்டு சாயங்காலம். அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் எழுத்துப் பிரதி, நேயர் கடிதம், டைரி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரிகளில் பண்ணை என்று எழுதிய ஸ்பூல் ஏதாவது மிஞ்சியிருந்தால் முதலில் அதை எடுங்கள். டேப் பாழாவது ஒரு பக்கம், அதை ஓட்டும் மெஷினும் அந்த மெஷினைத் தெரிந்த ஆளும் அதைவிட வேகமாக இல்லாமல் போகிறார்கள். சேர்ந்ததையெல்லாம் யாரும் கேட்கும்படி, பேசியவர் பெயரோடும் பதிவு செய்தவர் பெயரோடும் வைத்துவிடுங்கள்.

பெரியப்பா விட்டுப்போனதில் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. போன ஊர், பார்த்த ஆள், பேசிய விஷயம் எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு ஸ்பூலும் இருக்கிறது. இரைச்சல் அதிகம் என்று ஒலிபரப்பாகாமல் ஒதுக்கியதாம். அட்டையில் ‘குறுவை அறுவடை, களத்துப் பேச்சு’ என்று அவர் கையெழுத்து. இதை ஓட்டிக் கேட்க எங்கள் ஊரில் வழியில்லை. உள்ளே யார் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நோட்டையும் ஸ்பூலையும் நீங்கள் சொல்லும் நிலையத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். எந்த நாளில் வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பண்ணை வானொலி நிருபரின் தம்பி மகள்