மறுபதிப்புக்கு முன் ஒரு போன் செய்யுங்கள்

சிறார் நூல்கள் வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு அறிவியல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். இது ராயல்டி பற்றிய புலம்பல் அல்ல, எங்கள் புத்தகங்கள் பழைய தகவல்களோடே மறுபதிப்பாவது பற்றியது, தைரியமாகப் படிக்கலாம்.

முயல் சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்த கதை இன்னும் நூறு வருஷம் கழித்தும் அதே கிணற்றில்தான் முடியும். எங்கள் புத்தகங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சனிக் கோளுக்கு 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 நிலாக்கள் கூடின, அத்தோடு மொத்தம் 274 ஆனது. 2014-15இல் அகழாய்வு தொடங்கும்வரை கீழடியைப் பற்றி எந்த வரலாற்று நூலில் பிள்ளைகள் படித்திருக்க முடியும்? புளூட்டோ கோள் இல்லை என்று ஆனதே 2006இல்.

ஆனாலும் கடைகளில் ஒன்பது கோள்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. புத்தகக் கண்காட்சியில் ஒரு பையன், "அப்பா, இதுல தப்பா போட்டிருக்கு" என்றான். அப்பா முதல் பக்கத்தைப் புரட்டினார். ஐந்தாம் பதிப்பு, போன வருஷம். "புது புக்குடா, சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிக் கொடுத்துவிட்டார். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வெளியானது. 1968இல் வந்த பத்தாவது தொகுதி இணைப்புத் தொகுதி. இடைப்பட்ட காலத்தில் உலகம் நகர்ந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் ஒவ்வொரு எழுத்தாக அச்சுக் கோத்த காலத்தில். உங்களிடம் புத்தகம் முழுக்க கணினியில் கோப்பாக இருக்கிறது. ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்பதான் அச்சடிக்கிறீர்கள். ஒரு பத்தியை மாற்ற லே-அவுட் செய்பவருக்கு அரை மணி நேரம் ஆகுமா?

எழுதியவனை நீங்கள் கேட்பதே இல்லை என்பதுதான் சங்கடம். புத்தகம் மறுபடி வந்திருப்பதே எழுதியவனுக்குக் கடையில் பார்த்தால்தான் தெரிகிறது. "கதையா இருந்தா குடுங்க சார், இந்த வம்பே இல்ல" என்று ஒரு பதிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கணக்கு அவருக்குச் சரி. ஆனால் இப்படியே போனால் கட்டுரை நூல் எழுதுகிறவன் பழையதைத் திருத்த மாட்டான். அதையே வேறு தலைப்பில் வேறு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுப்பான். இப்போதே அது நடக்கிறது.

ஆகவே அச்சுக்கு அனுப்பும் முன் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். அவர் இல்லையென்றால் அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், அவருக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள். 'திருத்திய பதிப்பு' என்று போடுவதாயிருந்தால் உள்ளே என்ன திருத்தினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். எதையும் திருத்தவில்லையென்றால் 'மறு அச்சு' என்று மட்டும் போடுங்கள்.

நவம்பரில் கேட்டால் ஜனவரிக் கண்காட்சிக்குள் தாராளமாகத் திருத்திக் கொடுத்துவிடலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளர்களில் ஒருவன்