வாசலிலேயே ஜீப்பை உயர்த்துகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜிம்னி, தார் போன்ற ஜீப் வகை வண்டிகளை வாங்கும் இளைஞர்கள் பலர், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங் செட்டான லிஃப்ட் கிட்டை ஆன்லைனில் வரவழைத்து வீட்டு வாசலிலேயே மாட்டுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் தயவுசெய்து ஹாலோபிளாக் கல்லை அடுக்கி வண்டியை அதன்மேல் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள், அந்தக் கல் திடீரென்று நொறுங்கிவிடும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

ஸ்பிரிங்கை மாற்றியதும் வேலை முடியாது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில் என்பதால் பாடி உயர்ந்ததும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பியான பான்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கம் தள்ளும், காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம், ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகளின் முனையிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகே கடைசியாக முறுக்குங்கள், இல்லையென்றால் ரப்பர் சீக்கிரம் கிழியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கிட் விற்பவர்கள் இதையெல்லாம் பில்லோடு தமிழில் அச்சடித்துக் கொடுக்க அரசு உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகர்,
கோவை